நாளுக்கு நாற்பது லாகின்: எந்தப் படியை வெட்டலாம், எதைத் தொடக் கூடாது

கேள்வி: ஒரு நிறுவனத்தின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிறேன். சுமார் 140 சுவிட்சுகள். பெரும்பாலும் சிஸ்கோ, சில ஜூனிபர். கூடவே 30 லினக்ஸ் சர்வர்கள். எதற்குள் நுழைந்தாலும் ஒரு ஜம்ப் சர்வர் (எல்லோரும் கடந்துபோக வேண்டிய இடைவாசல் கணினி) வழியாகத்தான். அங்கே பாஸ்வேர்டு, பிறகு ஓடிபி, பிறகு எக்செல் தாளில் ஐபி தேடல், பிறகு சுவிட்சின் பாஸ்வேர்டு, கடைசியாக, அமைப்பை மாற்றும் உரிமைக்கான எனேபிள் பாஸ்வேர்டு. ஒரு நாளில் நாற்பது முறையாவது இந்தச் சுற்று. சற்று எழுந்து போய்வந்தால் செஷன் உறைந்துகிடக்கிறது. உடன் வேலை செய்பவர், “எஸ்எஸ்எச்பாஸ் போட்டுக்கொள், ஹோஸ்ட் கீ சோதனையை நிறுத்திவிடு, எல்லாம் ஒரே கட்டளையில் முடியும்” என்கிறார். (முதலாவது, பாஸ்வேர்டைத் தானாகத் தட்டும் கருவி; இரண்டாவது, எதிரே இருப்பது சரியான சாதனம்தானா என்று அதன் அடையாளச் சாவியைக் கொண்டு பார்ப்பது.) போன மாதம் தொலைவில் இருந்த ஒரு சுவிட்சில் ஏசிஎல் (யார் உள்ளே வரலாம் என்ற அனுமதிப் பட்டியல்) மாற்றப்போய் என்னை நானே வெளியே தள்ளிப் பூட்டிக்கொண்டேன். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: நீங்கள் எழுதிய ஐந்து படிகளில் நான்கை எந்தப் பூட்டையும் தளர்த்தாமலே எடுத்துவிடலாம். உடன் வேலை செய்பவர் சொல்வது படியைக் குறைப்பதல்ல, பூட்டைக் கழற்றுவது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் இந்தப் பதில் முழுவதும். ஒரு குறிப்பு: கட்டளைகளையும் கான்ஃபிக் சொற்களையும் இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில், ஒரு சொல்லுக்கு உள்ளே இடைவெளி விடாமல் தட்டுங்கள்.

முதல் வேலை, எஸ்எஸ்எச்-க்கான (தொலைவில் உள்ள சாதனத்துக்குள் பாதுகாப்பாக நுழையும் முறை) அமைப்புக் கோப்பு: உங்கள் மடிக்கணினியில் ஹோம் ஃபோல்டருக்குள் .எஸ்எஸ்எச் என்ற ஃபோல்டரில் கான்ஃபிக் என்ற கோப்பு. பல வருடம் இந்த வேலையில் இருப்பவர்கள்கூட இதைத் தொடாமல் ஐபி முகவரிகளை மனப்பாடம் செய்துகொண்டிருப்பதைப் பார்க்கலாம். உங்கள் தேவைக்கு இவ்வளவு போதும்:

ஹோஸ்ட் ஜம்ப்
    ஹோஸ்ட்நேம் 10.20.0.5
    கன்ட்ரோல்மாஸ்டர் ஆட்டோ
    கன்ட்ரோல்பாத் ~/.எஸ்எஸ்எச்/சிஎம்-%சி
    கன்ட்ரோல்பர்சிஸ்ட் 30எம்

ஹோஸ்ட் எஸ்டபிள்யூ-3-12
    ஹோஸ்ட்நேம் 10.20.3.12

ஹோஸ்ட் எஸ்டபிள்யூ-*
    ப்ராக்ஸிஜம்ப் ஜம்ப்

ஹோஸ்ட் *
    யூசர் உங்கள்-லாகின்-பெயர்
    சர்வர்அலைவ்இன்டர்வெல் 60

கன்ட்ரோல்பாத் வரியில் விழுக்காட்டுக் குறிக்குப் பின் வருவது பெரிய எழுத்து சி. இனி எஸ்எஸ்எச் எஸ்டபிள்யூ-3-12 என்று தட்டினால் போதும். ஜம்ப் சர்வர் வழியாகப் போவது, ஐபி, லாகின் பெயர் எல்லாம் தானாக வந்துவிடும். பேஷ்-கம்ப்ளீஷன் நிறுவியிருந்தால் பெயரின் பாதியைத் தட்டி டேப் அழுத்தலாம்.

இந்தக் கோப்பில் பலர் வழுக்கும் இடம் வரிசை. ஓபன்எஸ்எஸ்எச் (உங்கள் கணினியில் உள்ள எஸ்எஸ்எச் நிரல்) மேலிருந்து கீழே படிக்கும். ஒரு அமைப்புக்கு முதலில் கிடைத்த மதிப்பே நிலைக்கும், பின்னால் வருவது அதை மாற்றாது. பல நிரல்களில் கடைசியில் எழுதியதுதான் ஜெயிக்கும் என்பதால் கை அந்தப் பழக்கத்திலேயே ஓடும். ஹோஸ்ட் * என்ற பொதுப் பகுதியை மேலே வைத்துவிட்டால், கீழே ஒரு சர்வருக்கென்று எழுதிய தனி யூசர் பெயர் செல்லவே செல்லாது. தனிப்பட்டவை மேலே, பொதுவானவை அடியில். எது செல்லுபடியாகிறது என்று சந்தேகம் வந்தால் எஸ்எஸ்எச் -ஜி, பெரிய எழுத்து ஜி, பிறகு சாதனத்தின் பெயர். இணைப்பு எதுவும் போடாமல், அந்தப் பெயருக்குக் கடைசியில் எந்தெந்த மதிப்புகள் வருகின்றன என்று வரிவரியாகக் காட்டும். மணிக்கணக்கில் குழம்புவதை இது நொடியில் தீர்க்கும்.

140 சுவிட்சுகளுக்கும் கையால் எழுத வேண்டாம். எக்செல் தாளை சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த எளிய உரை) ஆகச் சேமித்து, ஒரு வரி ஆக் (உரையை வரிவரியாக மாற்றும் கருவி) கட்டளையால் பெயரையும் ஐபியையும் ஹோஸ்ட், ஹோஸ்ட்நேம் இணைகளாக மாற்றித் தனிக் கோப்பில் எழுதுங்கள். முதன்மைக் கான்ஃபிக்கில் இன்க்ளூட் என்ற சொல்லால் அதை இழுத்துக்கொள்ளலாம். புதிய சுவிட்ச் வந்தால் தாளைத் திருத்தி மறுபடி ஓட்டினால் முடிந்தது. இன்க்ளூட் வரி கோப்பின் முதல் வரியாக இருக்கட்டும். ஏதாவது ஒரு ஹோஸ்ட் பகுதிக்குள் விழுந்துவிட்டால் அந்த ஹோஸ்டுக்கு மட்டுமே வேலை செய்யும். மற்ற 139-ம் ‘பெயர் தெரியவில்லை’ என்று திரும்பும்.

ப்ராக்ஸிஜம்ப் 2016-ல் வந்த ஓபன்எஸ்எஸ்எச் 7.3-ல் சேர்ந்தது. இன்க்ளூட்டும் அதே பதிப்புதான். இது ஜம்ப் சர்வரில் போய் நின்று அங்கிருந்து மறுபடி எஸ்எஸ்எச் தட்டுவது போலல்ல. ஜம்ப் சர்வர் வெறும் குழாயாக மட்டும் இருக்கும். உங்கள் கணினிக்கும் சுவிட்சுக்கும் நடுவே மறைகுறியாக்கம் நேரடியாக நடக்கும். ஆகவே உங்கள் பிரைவேட் கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலாக உங்களிடம் மட்டும் இருக்கும் சாவிக் கோப்பு) ஜம்ப் சர்வரில் இருக்கத் தேவையில்லை. உங்கள் சாவியை ஜம்ப் சர்வரிலிருந்தும் பயன்படுத்தவிடும் ஏஜென்ட் ஃபார்வர்டிங்கும் வேண்டாம். அதைத் திறந்துவைத்தால், ஜம்ப் சர்வரில் ரூட் உரிமை உள்ள எவரும் நீங்கள் இணைந்திருக்கும் நேரமெல்லாம் உங்கள் பெயரில் வேறு சர்வர்களுக்குள் போகலாம். இணைக்கும்போது ‘அட்மினிஸ்ட்ரேட்டிவ்லி ப்ரொஹிபிட்டட்’ என்ற செய்தி வந்தால் தவறு உங்கள் கோப்பில் இல்லை. ஜம்ப் சர்வரின் எஸ்எஸ்எச்டி (இணைப்புகளை ஏற்கும் சர்வர் பக்க நிரல்) அமைப்பில் அலோடிசிபிஃபார்வர்டிங் மூடியிருக்கிறது. அதைப் பொறுப்பில் உள்ளவரிடம் பேசித்தான் திறக்க வேண்டும். உங்கள் சாதனங்களின் முகவரிகளுக்கும் போர்ட் 22-க்கும் மட்டும் பெர்மிட்ஓபன் வைத்துத் திறக்கலாம் என்று சொன்னால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.

உங்கள் நாற்பது ஓடிபிகளை ஓரிரண்டாக ஆக்குவது அந்த மூன்று கன்ட்ரோல் வரிகள். ஜம்ப் சர்வருக்கு முதலில் போட்ட இணைப்பைத் திறந்தே வைத்து, அடுத்தடுத்த இணைப்புகளை அதே பாதையில் அனுப்பும். காலையில் ஒருமுறை பாஸ்வேர்டும் ஓடிபியும். அதன்பின் எந்த சுவிட்சுக்குப் போனாலும் அந்த இரண்டு படிகளும் இல்லை. 30எம் என்பது கடைசி செஷன் மூடிய பிறகு 30 நிமிடம். ஒரு செஷன் திறந்திருக்கும்வரை அந்தக் கணக்கே தொடங்காது. இரண்டு மணி நேரம், எட்டு மணி நேரம் என்று வைக்க ஆசை வரும். திறந்த பாதை உங்கள் மடிக்கணினியில் இருக்கிறது. திரையைப் பூட்டாமல் எழுந்து போனால் அதில் உட்காருபவருக்கு ஓடிபி கேட்காமலே எல்லா சுவிட்சும் திறக்கும். 30 நிமிடம் போதும். இந்த வசதிக்கு உங்கள் பாதுகாப்புக் குழுவின் சம்மதத்தையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஓடிபி எதற்காக வைத்தார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

இதில் கோளாறாகும் விஷயங்கள் சில. வைஃபை மாறினாலோ மடிக்கணினி தூங்கி எழுந்தாலோ பழைய பாதை செத்துப்போயிருக்கும். ஆனால் அதன் சாக்கெட் கோப்பு (கன்ட்ரோல்பாத் வரியில் பெயரிட்டது) அப்படியே இருப்பதால் புதிய லாகின் அதையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும். எஸ்எஸ்எச் -ஓ எக்ஸிட் ஜம்ப் என்று கொடுங்கள், பெரிய எழுத்து ஓ. அதுவும் அசையாவிட்டால் சிஎம்- என்று தொடங்கும் அந்தக் கோப்பை அழித்துவிடலாம். எக்ஸிட் என்ற இடத்தில் செக் என்று போட்டால் பாதை உயிரோடு இருக்கிறதா என்று சொல்லும். கன்ட்ரோல்பாத்தில் சி எழுத்துக்குப் பதிலாக யூசர் பெயரையும் முழு ஹோஸ்ட் பெயரையும் கோர்த்து எழுதும் மாதிரிகள் நிறையப் புழங்குகின்றன. லினக்ஸில் சாக்கெட் கோப்பின் பாதை 108 பைட்டுக்குள் அடங்க வேண்டும். பெயர் நீண்டால் ‘பாதை மிக நீளம்’ என்று மறுக்கும். சி போட்டால் எல்லாவற்றையும் சுருக்கி ஒரே அளவான குறியீடாக ஆக்கிவிடும்.

இந்த மூன்று வரிகளையும் சுவிட்சுகளுக்கான பகுதியில் போட வேண்டாம். லினக்ஸ் சர்வரின் எஸ்எஸ்எச்டி ஒரே இணைப்பில் பத்து செஷன் வரை இயல்பாகவே ஏற்கும். பல சுவிட்சுகளின் எஸ்எஸ்எச் மென்பொருளோ ஒரு இணைப்புக்கு ஒரு செஷன் என்ற கணக்கில் எழுதப்பட்டது. இரண்டாவது ஜன்னலைத் திறந்தால் முரண்டு பிடிக்கும். லினக்ஸ் சர்வர்களுக்குப் போடலாம். அங்கே உங்களை ஒரு புதிய குரூப்பில் சேர்த்தால் மட்டும், பழைய பாதையை மூடிவிட்டு மறுபடி நுழையும்வரை அந்த உரிமை பலிக்காது.

அடுத்தது சாவி. எஸ்எஸ்எச்-கீஜென் -டி ஈடி25519 என்று ஒன்றை உருவாக்கி, அதற்கு நல்ல பாஸ்ஃபிரேஸ் வையுங்கள். எஸ்எஸ்எச்-ஆட் -டி 8எச் என்று காலையில் ஏஜென்டில் (சாவியை நினைவில் வைத்திருக்கும் நிரல்) ஏற்றினால் எட்டு மணி நேரத்துக்குப் பின் அதுவே மறந்துவிடும். பாஸ்ஃபிரேஸ் ஒரு நாளைக்கு ஒருமுறை. லினக்ஸ் சர்வர்களில் எஸ்எஸ்எச்-காப்பி-ஐடி கொண்டு பப்ளிக் கீயை (சாவியின் வெளியே தரக்கூடிய பாதி) ஏற்றுங்கள். ஏற்றிய பிறகும் பாஸ்வேர்டு கேட்டால் முதலில் அனுமதிகளைப் பாருங்கள். சர்வரில் உங்கள் ஹோம் ஃபோல்டர், .எஸ்எஸ்எச் ஃபோல்டர் இரண்டில் ஒன்று குரூப் எழுதக்கூடியதாக இருந்தாலும் எஸ்எஸ்எச்டி ஒன்றும் சொல்லாமல் சாவியை ஒதுக்கிவிடும். ஃபோல்டருக்கு 700, சாவிக் கோப்புக்கு 600.

ஏஜென்டில் ஆறேழு சாவிகள் சேர்ந்துவிட்டால் வேறொரு வேடிக்கை நடக்கும். எஸ்எஸ்எச் ஒவ்வொன்றாக நீட்டிப் பார்க்கும். சர்வர் ஒவ்வொன்றையும் தோல்வியாக எண்ணும். மேக்ஸ்ஆத்ட்ரைஸின் இயல்பு மதிப்பு 6. சரியான சாவி ஏழாவதாக இருந்தால் அதன் முறை வருவதற்குள் ‘டூ மெனி ஆத்தென்டிகேஷன் ஃபெயிலியர்ஸ்’ என்று கதவு சாத்தப்படும். அந்த ஹோஸ்டுக்கு ஐடென்டிட்டிஃபைல் என்று சாவியைக் குறிப்பிட்டு, கூடவே ஐடென்டிட்டீஸ்ஒன்லி யெஸ் என்றும் எழுதுங்கள். முதல் வரியை மட்டும் எழுதினால் ஏஜென்டில் உள்ள மற்றவையும் நீட்டப்படும்.

சிஸ்கோ சுவிட்சிலும் சாவியை ஏற்றலாம்: ஐபி எஸ்எஸ்எச் பப்கீ-செயின் என்ற பகுதி. பழைய ஐஓஎஸ் (சிஸ்கோவின் இயங்குதளம், ஐபோனுடையது அல்ல) ஆர்எஸ்ஏ வகைச் சாவியை மட்டுமே ஏற்கும்; ஈடி25519-ஐ ஏற்காது. சாவியை ஒரே நீள வரியாக ஒட்டினால் 254 எழுத்துக்கு மேல் உள்ளது வெட்டுப்படும். முதலில் ஃபோல்ட் -டபிள்யூ 72 என்று மடித்துவிட்டு ஒட்டுங்கள். உங்கள் இடத்தில் டாக்காக்ஸ் போன்ற மைய லாகின் இருந்தால் இதில் இறங்க வேண்டாம். 140 சாதனங்களில் சாவிகளைத் தனித்தனியாகப் பராமரிப்பது, ஒருவர் வேலையை விட்டுப் போகும் நாளில் தலைவலியாகும். அங்கே சுவிட்சின் பாஸ்வேர்டு ஒன்றை மட்டும், பாஸ்வேர்டு மேனேஜரிலிருந்து எடுத்து, தட்டிக்கொண்டிருப்பதே மேல். நான்கு படி போகும், ஒன்று இருக்கும் என்று தொடக்கத்தில் சொன்னதில் மிஞ்சும் படி இதுதான்.

எனேபிள் பாஸ்வேர்டைத் தவிர்க்க, மைய சர்வரிலிருந்து உங்கள் லாகினுக்கு பிரிவிலேஜ் 15 (முழு உரிமை) திரும்பி வர வேண்டும். சுவிட்சில், அந்த உரிமையை ஏற்கச் சொல்லும் ஏஏஏ ஆத்தரைசேஷன் எக்ஸெக் வரி இருக்க வேண்டும். எல்லோருக்கும் தெரிந்த ஒரே எனேபிள் பாஸ்வேர்டு பாதுகாப்பு என்ற பெயரில் இருக்கும் சடங்குதான். யார் என்ன செய்தார்கள் என்பதைத் தனி லாகினும் கட்டளைப் பதிவும்தான் சொல்லும். இந்த ஏற்பாடு கன்சோல் போர்ட்டுக்கு (சாதனத்தில் நேரடியாகக் கேபிள் செருகும் இடம்) இயல்பாகப் பொருந்தாது. கன்சோலில் எனேபிள் பாஸ்வேர்டு கேட்கும், அதை மறந்துவிடாதீர்கள்.

இப்போது உங்களுடன் வேலை செய்பவரின் யோசனை. எஸ்எஸ்எச்பாஸில் -பி கொடுத்துப் பாஸ்வேர்டை எழுதினால் அது ஷெல்லின் ஹிஸ்டரி கோப்பில் பதியும். ப்ராசஸ் பட்டியலிலும் பிறர் கண்ணில் படக்கூடும். அதைவிட மோசம், கூடவே வரும் ஹோஸ்ட் கீ நிறுத்தம். ஸ்ட்ரிக்ட்ஹோஸ்ட்கீசெக்கிங் நோ என்று மட்டும் போட்டால்கூட ஓபன்எஸ்எஸ்எச் கொஞ்சம் காப்பாற்றும்: முன்பு பதிந்த சாவி மாறியிருந்தால், எச்சரித்துவிட்டு பாஸ்வேர்டு அனுப்புவதை நிறுத்திக்கொள்ளும். ஆனால் பலரும் அதோடு யூசர்நோன்ஹோஸ்ட்ஸ்ஃபைல் /டெவ்/நல் என்பதையும் சேர்க்கிறார்கள். அப்போது எதுவுமே நினைவில் இராது. ஒவ்வொரு சாதனமும் ஒவ்வொரு முறையும் புதிய முகம். நடுவில் எவராவது வேறு கணினியை அந்த ஐபியில் வைத்திருந்தால் உங்கள் பிரிவிலேஜ் 15 பாஸ்வேர்டு நேராக அதன் கையில் விழும்.

‘யெஸ்’ தட்டும் தொல்லைதான் பிரச்சினை என்றால் நோ-வுக்குப் பதிலாக அக்செப்ட்-நியூ என்று எழுதுங்கள். முதல்முறை பார்க்கும் சாவியைக் கேட்காமல் பதிந்துகொள்ளும். பதிந்தது மாறினால் இணைய மறுக்கும். சுவிட்சை மாற்றியதால் நியாயமாகவே சாவி மாறியிருந்தால், எஸ்எஸ்எச்-கீஜென் -ஆர், பெரிய எழுத்து ஆர், பிறகு பெயர்: பழைய பதிவு மட்டும் போகும். சாவிகள் பதியும் நோன்-ஹோஸ்ட்ஸ் கோப்பையே அழிப்பது கொசுவுக்காக வலையைக் கிழிப்பது.

பழைய சுவிட்சுகள் ‘நோ மேட்சிங் கீ எக்ஸ்சேஞ்ச் மெத்தட்’ என்று மறுப்பதும் நடக்கும். 2021-ல் வந்த ஓபன்எஸ்எஸ்எச் 8.8, ஷா1 என்ற பழைய, பலவீனமான முறையை நம்பிய எஸ்எஸ்எச்-ஆர்எஸ்ஏ கையொப்பத்தை இயல்பாக மூடிவிட்டது. டிஃபி-ஹெல்மன் குரூப்1 என்ற பழைய சாவிப் பரிமாற்ற முறை அதற்கும் முன்பே போனது. ஐஓஎஸ்-ஐப் புதுப்பிப்பதே முறை. முடியாதபோது அந்தச் சுவிட்சின் ஹோஸ்ட் பகுதியில் மட்டும் ஹோஸ்ட்கீஅல்காரிதம்ஸ் +எஸ்எஸ்எச்-ஆர்எஸ்ஏ என்றும், பிழைச் செய்தியில் ‘அவர்கள் தருவது’ என்று காட்டும் முறையை கெக்ஸ்அல்காரிதம்ஸ் வரியில் கூட்டல் குறியோடும் எழுதுங்கள். கூட்டல் குறி விட்டுப்போனால் இருக்கும் பட்டியல் முழுவதும் போய் அந்தப் பலவீனமான ஒன்று மட்டும் நிற்கும். ஹோஸ்ட் * பகுதியில் எழுதினால் எல்லா சர்வருக்கும் பழைய கதவு திறந்துவிடும். ‘இன்வேலிட் கீ லெங்த்’ என்று வந்தால் சுவிட்சின் ஆர்எஸ்ஏ சாவி 1024 பிட்டுக்கும் குறைவு. கன்சோலில் போய் கிரிப்டோ கீ ஜெனரேட் ஆர்எஸ்ஏ மாடுலஸ் 2048 கொடுத்துப் புதிதாக உருவாக்குவதுதான் வழி.

செஷன் உறைவதற்கு இரண்டு தனித்தனிக் காரணங்கள் உண்டு. நடுவில் உள்ள ஃபயர்வால், பேச்சில்லாத இணைப்பை மறந்துவிடுவது ஒன்று. சர்வர்அலைவ்இன்டர்வெல் 60 அதைத் தீர்க்கும்: நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு சிறு செய்தி போகும், மூன்று முறை பதில் இல்லையென்றால் இணைப்பு தானாக முடியும். மற்றொன்று சிஸ்கோவின் எக்ஸெக்-டைம்அவுட், இயல்பாக 10 நிமிடம். இது நீங்கள் விசை தட்டுவதைத்தான் பார்க்கிறது. அந்தச் சிறு செய்திகள் அதன் கண்ணில் படாது. எரிச்சலில் எக்ஸெக்-டைம்அவுட் 0 0 என்று போட்டுவிடாதீர்கள். விடிஒய் வரிசைகள் (தொலைவிலிருந்து நுழைபவர்களுக்கான இருக்கைகள்) பல சாதனங்களில் 0 முதல் 4 வரை ஐந்தே ஐந்துதான் திறந்திருக்கும். கைவிடப்பட்ட ஐந்து செஷன்கள் அவற்றில் உட்கார்ந்துகொண்டால் அவசரத்துக்கு யாரும் உள்ளே போக முடியாது. 20 நிமிடம் வையுங்கள். உறைந்த ஜன்னலை மூட வேண்டியதில்லை: என்டர், ~, புள்ளி என்று வரிசையாக அழுத்தினால் எஸ்எஸ்எச் அங்கேயே அறுந்துவிடும். ~ வரியின் முதல் எழுத்தாக இருந்தால்தான் செல்லும். அதனால்தான் முதலில் என்டர்.

சுவிட்சுக்குள் போன பிறகு மிச்சமாகும் நேரம் உண்மையில் சிறியது. ஒரே ஒரு தகவல் வேண்டுமென்றால் உள்ளே போகவே வேண்டாம். எஸ்எஸ்எச் எஸ்டபிள்யூ-3-12, பிறகு மேற்கோள் குறிக்குள் ஷோ ஐபி இன்டர்ஃபேஸ் ப்ரீஃப் என்று எழுதினால் விடை உங்கள் டெர்மினலில் வரும். க்ரெப்பில் வடிகட்டலாம், கோப்பில் சேமிக்கலாம். உள்ளே இருக்கும்போது ஷோ கட்டளைக்குப் பின் குழாய்க்குறி போட்டு இன்க்ளூட், எக்ஸ்க்ளூட், பிகின், செக்‌ஷன். அங்கே பெரிய எழுத்து சிறிய எழுத்து வித்தியாசம் உண்டு. இரண்டு சொற்களை அல்லது-குறியால் இணைக்கும்போது நடுவே விடும் இடைவெளியும் தேடலில் சேர்ந்துகொள்ளும். ‘ஒன்றுமே வரவில்லை’ என்பதன் காரணம் பெரும்பாலும் அந்த இடைவெளிதான். கான்ஃபிக் முறையில் இருந்துகொண்டே ஷோ பார்க்க, முன்னால் டூ. பக்கம் பக்கமாக நிற்காமல் ஓட, டெர்மினல் லெங்த் 0.

கட்டளையைத் தவறாகத் தட்டினால் சுவிட்ச் அதை ஒரு கணினியின் பெயர் என்று நினைத்து டிஎன்எஸ்-ல் தேடிக்கொண்டு நிற்குமே, அதற்கு நோ ஐபி டொமைன் லுக்கப் என்று எல்லோரும் சொல்வார்கள். அது வேலை செய்யும். ஆனால் சுவிட்சில் பெயர் தேடலே போய்விடும். லைன் பகுதியில் ட்ரான்ஸ்போர்ட் ப்ரிஃபர்ட் நன் என்று எழுதினால் அந்தத் தொல்லை மட்டும் போகும். லைன் பகுதிக்குள் இருக்கும்போதே லாகிங் சிங்க்ரோனஸையும் சேர்த்துவிடுங்கள். தட்டிக்கொண்டிருக்கும் வரியின் நடுவே செய்தி வந்து விழுந்தாலும் வரி மறுபடி எழுதப்படும்.

சுருக்கெழுத்தில் ஒரு எல்லை வைத்துக்கொள்ளுங்கள். கையால் தட்டும்போது எவ்வளவு வேண்டுமானாலும் சுருக்கலாம். ஸ்கிரிப்டிலும் நடைமுறைக் குறிப்பிலும் முழுச் சொல்லே வேண்டும், ஏனென்றால் ஐஓஎஸ் பதிப்பு மாறி ஒரு புதிய கட்டளை சேர்ந்தால் பழைய சுருக்கம் இரண்டு பொருள் தந்து மறுக்கப்படும். ட்ரங்க் போர்ட்டில் (பல விலான்களைச் சுமக்கும் போர்ட்) விலான் (சுவிட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்) சேர்க்கும்போது ஆட் என்ற சொல்லை எந்த அவசரத்திலும் விடக் கூடாது. ஸ்விட்ச்போர்ட் ட்ரங்க் அலவ்ட் விலான் 50 என்றால் ஐம்பதைச் சேர் என்று பொருளல்ல; ஐம்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எடு என்று பொருள். மேல் அம்பை அழுத்திப் பழைய வரியைத் திருத்துபவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள்.

பூட்டிக்கொண்ட கதைக்கு வருவோம். ஏசிஎல், மேனேஜ்மென்ட் விலான், ரவுட்டிங் என்று உங்கள் பாதையையே தொடும் மாற்றம் எதுவாக இருந்தாலும் முதலில் இப்போதைய அமைப்பைச் சேமியுங்கள். அடுத்து ரீலோட் இன் 10. அதன்பிறகே மாற்றம். எல்லாம் சரி என்று இன்னொரு ஜன்னலில் புதிதாக லாகின் செய்து பார்த்துவிட்டு, ரீலோட் கேன்சல், பிறகு சேமிப்பு. இந்த வரிசை முக்கியம். மாற்றியவுடன் பழக்கத்தில் சேமித்துவிட்டால் பத்து நிமிடம் கழித்து சுவிட்ச் எழும்போதும் அதே தவறான ஏசிஎல்லோடு எழும். திறந்திருக்கும் ஜன்னல் வேலை செய்கிறது என்பதும் சான்றாகாது. லைனில் போட்ட அக்சஸ்-கிளாஸ் புதிய இணைப்புகளைத்தான் சோதிக்கும்.

ரீலோடின் குறை, சுவிட்ச் முழுவதும் சில நிமிடம் படுத்துவிடும். ஆர்கைவ் பகுதியில் பாத் அமைத்திருந்தால் கன்ஃபிகர் டெர்மினல் ரிவர்ட் டைமர் 5 என்று நுழையுங்கள். ஐந்து நிமிடத்துக்குள் கன்ஃபிகர் கன்ஃபர்ம் கொடுக்காவிட்டால் ரீலோட் இல்லாமலே பழைய அமைப்புக்குத் திரும்பும். ஜூனிபரில் கமிட் கன்ஃபர்ம்ட். இயல்பாக 10 நிமிடம், அதற்குள் இன்னொரு கமிட். நாளுக்குச் சில விநாடி மிச்சமாக்கும் குறுக்குவழிகள் எல்லாவற்றையும்விட, தொலைதூர அலுவலகத்துக்கு ஒரு பயணத்தை மிச்சமாக்கும் இதையே முதலில் பழகச் சொல்வேன்.

உங்கள் லினக்ஸ் பக்கம் சுருக்கமாக. கன்ட்ரோல்+ஆர் பழைய கட்டளைகளில் தேடும். சிஸ்கோவில் அதே விசை வரியை மறுபடி காட்ட மட்டுமே. கன்ட்ரோல்+எஸ் தவறி அழுத்தினால் திரை உறைந்தது போலிருக்கும், கன்ட்ரோல்+க்யூ விடுவிக்கும். ஆல்ட்+புள்ளி முந்தைய கட்டளையின் கடைசிச் சொல்லைக் கொண்டுவரும். பல ஜன்னல்களில் வேலை செய்தால், பேஷின் ஹிஸ்டரி கடைசியாக மூடிய ஜன்னலால் மேலெழுதப்படாமலிருக்க ஷாப்ட் -எஸ் ஹிஸ்ட்அப்பெண்ட் வேண்டும். ஹிஸ்ட்கன்ட்ரோல் இக்னோர்போத் என்று வைத்தால், முன்னால் ஒரு இடைவெளி விட்டுத் தட்டிய வரி பதியாது. நீண்ட வேலைகளை டிமக்ஸுக்குள் (இணைப்பு அறுந்தாலும் ஓடிக்கொண்டிருக்கும் டெர்மினல்) வையுங்கள்: டிமக்ஸ் நியூ -ஏ -எஸ் வேலை, ஏ பெரிய எழுத்து. அந்தப் பெயரில் செஷன் இருந்தால் இணையும், இல்லையென்றால் உருவாக்கும். ஒரே நேரத்தில் எல்லாப் பலகங்களிலும் தட்டும் சிங்க்ரோனைஸ்-பேன்ஸ் வசதியை, வெறும் ஷோ கட்டளைகளுக்கு மேல் எதற்கும் பயன்படுத்த வேண்டாம்.

30 சர்வரிலும் ஒரே கேள்வி கேட்க வைல் ரீட் சுழற்சி எழுதினால், முதல் சர்வரோடு சுழற்சி நின்றுவிடும். எஸ்எஸ்எச் தன் உள்ளீடாக உங்கள் பெயர்ப்பட்டியலின் மீதியை விழுங்கிவிடுவதுதான் காரணம். -என் சேர்த்தால் விழுங்காது. கூடவே -ஓ பேட்ச்மோட்=யெஸ், -ஓ கனெக்ட்டைம்அவுட்=5 இரண்டையும் வையுங்கள்; இங்கே ஓ சிறிய எழுத்து. சாவி இல்லாத சர்வரில் பாஸ்வேர்டு கேட்டுக் காத்திருக்காமல், செத்த சர்வரில் தொங்காமல், அடுத்ததற்குப் போகும்.

ஒருவேளை உங்கள் மடிக்கணினி விண்டோஸ் என்றால், அதில் வரும் ஓபன்எஸ்எஸ்எச் இந்தக் கான்ஃபிக் கோப்பையும் ப்ராக்ஸிஜம்ப்பையும் ஏற்கும், கன்ட்ரோல்மாஸ்டரை ஏற்காது. எஸ்எஸ்எச்-ஏஜென்ட் சேவையும் இயல்பாக முடக்கப்பட்டிருக்கும். சர்வீசஸில் போய் தானாகத் தொடங்கும்படி மாற்ற வேண்டும். ஓடிபி மிச்சமாக வேண்டுமானால் டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள் ஓடும் லினக்ஸ்) நிறுவி, கோப்பையும் சாவியையும் அதன் ஹோம் ஃபோல்டரில் வையுங்கள். சி டிரைவில் இருக்கும் சாவியை அங்கிருந்து சுட்டினால் அனுமதி 777 என்று தெரிந்து எஸ்எஸ்எச் அதைத் தொட மறுக்கும்.